விதை வெங்காயத்தையும் விற்றவன்

சாவகச்சேரியில் அந்தப் புடைவைக் கடைக்கு வருகிற பெண்களுக்கு நிவேதனாவைப் பற்றி ஒன்று தெரியும். சேலையைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பிள்ளை, இது எனக்கு வடிவாயிருக்கோ?" என்று கேட்டால், இல்லாவிட்டால் இல்லை என்றே சொல்லிவிடுவாள். முதலாளி இரண்டொரு முறை கூப்பிட்டுக் கண்டித்துப் பார்த்தார். ஆனால் அப்படிச் சொல்லக் கேட்ட பெண்களே அடுத்த கலியாணத்துக்கும் அவளைத் தேடி வந்ததால் பிறகு ஒன்றும் சொல்வதில்லை.

மீசாலைக்காரி. தென்மராட்சி முழுதும் சண்டையால் இடம்பெயர்ந்த வருசத்தில் வடமராட்சியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பிறந்தவள். தகப்பன் தோட்டம் செய்கிறவர். உயர்தரம் படித்து, பல்கலைக்கழகம் கிடைக்காமல், கடைக்கு வந்தாள். இருபத்துமூன்று வயதில் வட்டுக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெடியன் பேர் செந்தூரன். தகப்பன் தம்பிராசா உயிரோடு இல்லை. தாய் பராசக்தியும் மகனும் மட்டுந்தான். சொந்தத் தோட்டம், குடி வெறி ஒன்றும் கிடையாது. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை நிமிர்ந்தே பார்க்கவில்லை. நல்ல வளர்ப்பு என்று நிவேதனாவின் தாய் பூரித்துப் போனாள்.

தை மாதம் கலியாணம் நடந்தது.

செந்தூரன் நல்லவன். அதில் அவளுக்கு அன்றைக்கும் சந்தேகமில்லை, இன்றைக்கும் இல்லை. தோட்டத்தால் வரும்போது அவளுக்குப் பிடித்த மாம்பழம் எங்காவது வாங்கி வருவான். தாய் அவளைக் குறை சொன்னால் இடையில் புகுந்து கதையை மாற்றுவான். ஆனால் கலியாணம் முடிந்த கிழமையிலிருந்தே இடுப்பில் நாரிப்பிடிப்பு என்று சொல்லி விறாந்தையில் பாய் விரித்துப் படுத்தான். நிவேதனா முதலில் நம்பினாள். பிறகு காத்திருந்தாள். பிறகு கண்ணாடியில் தன்னையே பார்த்துப் பார்த்துக் குறை தேடினாள். மீசாலையிலிருந்து தாய் தொலைபேசியில், "ஏதும் விசேசமோ?" என்று கேட்கும்போதெல்லாம் வேறு கதைக்குத் தாவினாள்.

பங்குனியில் வெங்காயம் கிண்டி முடிந்த பிறகு செந்தூரன் அவளுக்கு வேலைகள் பழக்கத் தொடங்கினான். இறைக்கிற மோட்டரை எப்படிப் பூட்டுவது, தண்ணீர் ஏறாவிட்டால் எந்த இடத்தைப் பார்ப்பது. இரண்டு சில்லு உழவு யந்திரத்தை எப்படி ஸ்ரார்ட் பண்ணுவது. அதைப் பிடித்துக்கொண்டு அவள் தடுமாறியபோது வேலியால் பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "இன்னொருக்காப் பிடியும்" என்றான். கூலிக்கு ஆர் நம்பிக்கையான ஆள், எந்த வியாபாரி நிறுவையில் கை வைப்பான் என்பதையெல்லாம் சொல்லிக் கொடுத்தான். சொல்லி முடிந்ததும், "பிறகு நீர்தானே பாக்கோணும்" என்பான்.

வெளிநாட்டுக்குப் போக ஏஜென்சியோடு கதைக்கிறானாக்கும் என்று அவள் நினைத்தாள். ஊரில் பாதிப் பேர் அப்படித்தானே சொல்லாமல் கொள்ளாமல் போனவர்கள். ஒருநாள் நேரே கேட்டாள்.

"எங்கையும் வெளியிலை போற எண்ணமோ?"

"நானோ? எங்கை போறது நான்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு வாயில் மட்டுந்தான் இருந்தது.

வைகாசியில் ஒரு வியாபாரியின் லொறி வந்து கொட்டிலடியில் நின்றது. நிவேதனா உடுப்புக் கழுவிக்கொண்டிருந்தவள் கை ஈரத்தோடு எழும்பிப் போனாள். கொட்டிலின் கூரை வளையில் பிடி பிடியாகக் கட்டித் தொங்கவிட்டிருந்த வெங்காயத்தை ஆட்கள் இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இது விதைக்கு வச்சதெல்லே?" என்றாள்.

"ஓம். நல்ல விலை வந்தது" என்றான் செந்தூரன்.

"அப்ப நடுகைக்கு?"

"பாப்பம்."

பராசக்தி விலையைக் கேட்டதும் திருப்தியோடு உள்ளே போய்விட்டாள். ஆனால் நிவேதனா தோட்டக்காரன் பெற்ற பிள்ளை. இடம்பெயர்ந்த வருசத்தில்கூட அவளுடைய தகப்பன் சைக்கிளில் சமையல் பாத்திரத்தை விட்டுவிட்டு விதை வெங்காயச் சாக்கைத்தான் கட்டிக்கொண்டு போனவர் என்று கேட்டு வளர்ந்தவள். அடுத்த போகம் இருக்கிறது என்று நினைக்கிற ஒருவனும் விதையை விற்கமாட்டான். லொறி ஒழுங்கையால் திரும்பிப் போனது. அவள் வெறும் வளையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நெஞ்சுக்குள் ஏதோ குளிர்ந்தது. என்னவென்று அப்போது பேர் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு தோட்டம் வெறுந்தரையாகக் கிடந்தது. சுற்றிவரப் பச்சை, நடுவில் அவர்களுடைய காணி மட்டும் காய்ந்து வெடித்தது. செந்தூரன் மத்தியான வெயிலில் போய் அந்த வரம்பில் இருப்பான். சோறு போட்டால் இரண்டு வாய். தாடி வளர்ந்து கன்னம் ஒட்டிப்போனது. தன்னுடைய நல்ல சேட்டுகளைக் கூலிக்கு வருகிறவர்களுக்குத் தூக்கிக் கொடுத்தான்.

நிவேதனா மாமியாரிடம் கேட்டாள். பராசக்தி சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, இவர் ஏன் இப்பிடி இருக்கிறார்?"

"கட்டின புதுசிலை ஆம்பிளையளுக்கு ஒரு யோசினை வாறதுதான். நீதான் பிள்ளை இழுத்துப் பிடிக்கோணும். முந்தி மாதிரி வராமல் பாத்துக்கொள்."

"முந்தி என்ன?"

பராசக்தி சுளகை இன்னும் வேகமாகத் தட்டினாள்.

பதில் வந்தது வேறு வாயால். செந்தூரனின் சிறிய தகப்பன் ஆழ்வாப்பிள்ளை பக்கத்து வளவில் இருந்தார். கோயில் திருவிழாவென்றாலும் காணி வழக்கென்றாலும் அவருடைய சொல்லுக்குத்தான் மதிப்பு. ஒரு பின்னேரம் கொடியில் காய்ந்த உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது கொட்டிலுக்குப் பின்னால் அவருடைய குரல் கேட்டது. சத்தம் போடவில்லை. அமைதியாகத்தான் கதைத்தார்.

"வாற தைக்கிடையிலை ஒரு நல்ல செய்தி வரோணும். சனம் கேக்கத் தொடங்கீட்டுது. உன்ரை லெனாட்டுக்கு நடந்தது நினைவிருக்குதெல்லே? அவன் பிரான்சுக்குப் போட்டான் சரி. தாய் தகப்பன் உங்கை இளவாலையிலைதான் இருக்கினம்."

செந்தூரன் ஏதாவது சொல்வான் என்று நிவேதனா காத்து நின்றாள். அவன் கிணற்றடிப் பக்கம் நடந்துபோகிற சத்தந்தான் கேட்டது. உடுப்பைக் கையில் அணைத்தபடி, சத்தம் வராமல் உள்ளே போனாள். அந்தப் பேரை அவள் அதுவரை கேட்டதில்லை. ஆனால் அந்த ஆண்பிள்ளையின் பேரைக் கேட்டதோடு விறாந்தைப் பாயும், பெண் பார்க்க வந்த அன்று நிமிராத முகமும் அவளுக்கு விளங்கத் தொடங்கின.

அவளுக்குக் கோபம் வந்தது. தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று அடுப்படியில் இருந்து அழுதாள். மீசாலைக்குப் போய்விடுவோம் என்று உடுப்பை மடித்து வைத்தாள். ஆடி அமாவாசை வந்துகொண்டிருந்தது. கீரிமலையில் மாமனாருக்குச் செய்யவேண்டியதை முடித்து வரட்டும், பிறகு போவோம் என்று எண்ணிக்கொண்டாள்.

அமாவாசையன்று கீரிமலையில் கால் வைக்க இடமில்லை. கேணியிலும் கடற்கரையிலும் தகப்பனை இழந்தவர்கள் தோய்ந்து ஈர வேட்டியோடு வரிசையாக இருந்தார்கள். பராசக்தி அயலட்டைச் சனத்தோடு ஒரு வான் பிடித்து வந்திருந்தாள். நிவேதனா செந்தூரனின் மோட்டார் சைக்கிளில் வந்தாள். அவன் எள்ளும் தண்ணீரும் விட்டு முடிக்கும்வரை இரண்டடி பின்னால் துவாயோடு நின்றாள். எல்லாம் முடிந்து தட்சணை கொடுத்த பிறகும் அவன் எழும்பவில்லை.

"ஐயா, ஒண்டு கேக்கலாமோ?" என்றான். "உயிரோடை இருக்கிற ஒராள், பின்னாலை செய்ய ஆளில்லாட்டி, தனக்குத் தானே முன்கூட்டிச் செய்யலாமோ?"

ஐயருக்கு அடுத்த ஆள் காத்திருந்தார். "உமக்கேன் தம்பி அந்தக் கதை? இப்பத்தானே கலியாணம். பிள்ளை பிறந்து அது செய்யும்" என்று சிரித்துக்கொண்டு தர்ப்பையை எடுத்தார்.

செந்தூரன் தலையாட்டி எழும்பினான். நிவேதனாவின் கையிலிருந்த துவாய் ஈரமில்லாமலே கனத்தது. அன்றைக்கு லொறி போனபோது பேர் சொல்லத் தெரியாமல் நின்றதற்கு இப்போது பேர் தெரிந்துவிட்டது.

அவன் உடுப்பு மாற்றி வந்து, மணிக்கூட்டையும் தொலைபேசியையும் கலியாண மோதிரத்தையும் ஒரு பையில் போட்டு அவளிடம் நீட்டினான்.

"நீர் அம்மாவோடை வானிலை போம். எனக்குக் காங்கேசன்துறையிலை ஒராளைச் சந்திக்க இருக்கு."

"சரி" என்றாள் நிவேதனா. பையை வாங்கினாள். வானடிக்குப் போய், தாங்கள் பிந்தி வருவதாகச் சொல்லி மாமியாரை ஏற்றி அனுப்பினாள். திரும்பி ஓடி வந்தபோது அவன் சனத்தை விட்டு விலகி, கடலுக்குக் கட்டிய கல்லணை வழியே கிழக்குப் பக்கமாக நடந்துகொண்டிருந்தான். பின்னால் போய் அவனுடைய சேட்டின் நுனியைப் பிடித்தாள்.

"நீர் போகேல்லையே?"

"இருங்கோ" என்றாள். அவன் நின்றான். "இருங்கோ எண்டுறன்."

அவன் கல்லில் இருந்தான். அவளும் பக்கத்தில் இருந்தாள். அலை கீழே கல்லில் அடித்துத் திரும்பியது. புடைவைக் கடையில் கேட்டதற்கு நேரே பதில் சொல்லிப் பழகியவள், இப்போது நேரே கேட்டாள்.

"சாகப் போறீங்களோ?"

அவன் கடலைப் பார்த்தான்.

"ஓம்" என்றான்.

எப்படி என்று அவள் கேட்டதையும் அவன் சொன்னதையும் நிவேதனா பிறகு வைத்தியரைத் தவிர வேறு ஒருவருக்கும் சொன்னதில்லை. கேட்டுவிட்டு அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். கலியாணத்தன்று ஐயர் பிடித்து வைத்த பிறகு அந்தக் கையை அவள் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"எனக்குப் பொம்பிளையளிலை விருப்பம் வாறேல்லை" என்றான். "சின்னனிலை இருந்து அப்பிடித்தான். மாறும் மாறும் எண்டு பாத்தன். கோயில் கோயிலாப் போனன். விரதம் பிடிச்சன். லெனாட்டோடை பழகின காலத்திலைதான் நான் ஒரு மனிசன் எண்டு நினைச்சனான். சித்தப்பா ஆக்களை வச்சு அவன்ரை கையை முறிச்சார். பிறகு அவனோடை ஒரு கதையுமில்லை."

"என்னை என்னத்துக்குக் கட்டினீங்கள்?"

"கட்டினாச் சரிவரும் எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். நானும் நம்பினன்." கடற்பக்கம் திரும்பிக்கொண்டான். "உம்மடை வாழ்க்கையையும் கெடுத்துப்போட்டன். நான் இல்லாட்டி நீர் வேறை ஒருதனைக் கட்டலாம். தோட்டமும் உமக்கு விளங்கும். அதுக்குத்தான் எல்லாம் காட்டித் தந்தனான்."

நிவேதனாவுக்கு அவனை அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, மடியில் கிடத்தவேண்டும் போலவும் இருந்தது.

"எனக்கு உங்களிலை கோவம்" என்றாள். "நல்ல கோவம். அது பிறகு. அதைக் கேக்கிறதுக்கெண்டாலும் நீங்கள் இருக்கோணும். இப்ப எழும்புங்கோ."

மோட்டார் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு ஓட்டோ பிடித்தாள். தெல்லிப்பழை ஆசுபத்திரி வரும்வரை அவனுடைய கையை விடவில்லை. அங்கே ஒரு இளம் பெண் வைத்தியர் அவனோடு தனியாக நெடுநேரம் கதைத்தார். விடுதியில் வைத்திருக்க வேண்டும் என்றார். பிறகு நிவேதனாவைக் கூப்பிட்டார்.

"அவருக்கு வந்திருக்கிறது கடும் மனச்சோர்வு. அதுக்கு மருந்திருக்கு, சுகம் வரும். அவர் ஆரை விரும்பிறார் எண்டது வருத்தமில்லை. அதை மாத்தித் தாறன் எண்டு ஆரும் வந்தால் கிட்டவும் விடாதேங்கோ. விளங்குதோ?"

"விளங்குது" என்றாள். அவளுக்கு அப்போது விளங்கியது பாதிதான். மீதியைப் பிறகு மெல்ல மெல்ல விளங்கிக்கொண்டாள்.

அடுத்த நாள் பராசக்தி வந்தாள். மகன் நித்திரையாகக் கிடந்தான். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மருமகளைப் பார்க்காமல் சொன்னாள்: "எனக்குத் தெரியும் பிள்ளை. ஒரு நல்ல பிள்ளை வந்தா மாறுவான் எண்டுதான் நினைச்சன்."

"அப்ப என்னை மருந்தெண்டுதான் எடுத்தனீங்களோ மாமி?"

பராசக்தி முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடினாள். நிவேதனா அவளுக்குத் தண்ணீர் வார்த்துக் கொடுத்தாள். ஆனால் அந்தக் கேள்வியைத் திருப்பி எடுக்கவில்லை.

அவன் வீடு திரும்பிய பிறகு மாதக்கணக்காக அவள் அந்த வீட்டில்தான் இருந்தாள். மடித்து வைத்த உடுப்பை மீண்டும் விரித்தாள். தோட்டத்துக்கு அடிக்கிற மருந்துகளைத் தகப்பனைக் கூப்பிட்டு மீசாலைக்கு ஏற்றி அனுப்பினாள். அவன் கிணற்றடிக்குப் போனால் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். வைத்தியர் தந்த குளிசையை விழுங்குகிறானா என்று பார்த்தாள். கிளினிக் நாளுக்குக் கூடப் போனாள். ஆழ்வாப்பிள்ளை வந்து, "பயித்தியக்காரர் போற இடத்துக்குக் கொண்டு திரிஞ்சு எங்கடை மானத்தை வாங்குறாய்" என்றபோது, "இருங்கோ மாமா, தேத்தண்ணி போடுறன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் போடாமலே இருந்தாள். அவர் காத்திருந்து காத்திருந்து போய்விட்டார். அவர் போகும் வழியில் நின்று வேலிக்கு மேலால் வீட்டைத் திரும்பிப் பார்த்த பார்வை அவளுக்குப் பிடிக்கவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகச் செந்தூரன் சோறு கேட்டுச் சாப்பிடத் தொடங்கினான். ஒருநாள் அவனாகவே சொன்னான், இங்கே இருந்தால் சித்தப்பாவின் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடைக்கிறது என்று. கூடப் படித்த சிவரூபன் கொழும்பில் அலுமினியம் பொருத்துகிற இடமொன்றில் வேலை செய்தான். செந்தூரனுடைய கதை முழுவதும் தெரிந்தும் அவனோடு பழகியவன். அவனுடைய அறைக்குச் செந்தூரன் போய், அவனோடேயே வேலைக்கும் சேர்ந்தான்.

பிறகு இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு விவாகரத்துக்குப் போனபோது சட்டத்தரணி சொன்னார், ஆராவது ஒரு பக்கம் பிழை என்று காட்டினால்தான் வழக்கு நிற்கும். புருசனால் இயலாது என்று போட்டால் அவளுக்குக் கெதியாக முடியும், அவளுடைய பேரும் கெடாது. நிவேதனா அன்றைக்கு மட்டும் உடனே பதில் சொல்லவில்லை. வெளியில் கிடந்த மர வாங்கில் போய் இருந்தாள். தனக்குப் பின்னால் கட்டிக்கொடுக்கத் தங்கச்சிமார் இருக்கிறார்கள் என்பதை நினைத்தாள். அந்தச் சொல்லை நீதிமன்றத்தில் வாசிக்கும்போது ஆழ்வாப்பிள்ளை முன் வாங்கில் இருப்பார் என்பதையும், அதைக் கேட்டுக்கொண்டு நிற்கவேண்டியவனையும் நினைத்தாள். திரும்பி வந்து, "நான் விட்டிட்டுப் போனது எண்டு போடுங்கோ" என்றாள்.

அப்படியே போட்டார்கள். மீசாலையில் அவளுக்குப் புருசனை விட்டு வந்தவள் என்று பேர் வந்தது. தாய் பல நாள் அவளோடு கதைக்கவில்லை. பழைய கடையில் முதலாளி திரும்ப வேலை கொடுத்தார்.

போன வருசம் ஆவணியில் ஒரு பெண்மணி கடைக்கு வந்து, சேலையொன்றையும் எடுக்காமல் அவள் முன்னால் நின்றாள். கிளிநொச்சிப் பக்கத்து ஆள். மகள் தர்சினிக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறதாம். மாப்பிள்ளை கொழும்பில் வேலை, முதல் தாரம் ஒத்துவராமல் விட்டுப் போனதாம். சிறிய தகப்பன்தான் முன்னுக்கு நின்று பேசுகிறாராம்.

"நீதான் அந்தப் பிள்ளையெண்டு விசாரிச்சு வந்தனான்" என்றாள். "அவன்ரை ஆக்கள் உன்னிலை குறை சொல்லினம். எனக்கு உன்ரை வாயாலை கேக்கோணும்."

நிவேதனா கையிலிருந்த சேலையை மடித்து வைத்தாள். உண்மையைச் சொல்வதற்கு அது தன்னுடைய கதை மட்டுமல்ல. சொல்லாமல் விட்டால் இன்னொரு பெட்டை இன்னொரு விறாந்தையைப் பார்த்துக்கொண்டு கிடக்கவேண்டும், அவன் இன்னொரு முறை விதையை விற்பான். "கொஞ்சம் பொறுங்கோ அம்மா" என்று சொல்லிக் கடைக்குப் பின்னால் போய்ச் செந்தூரனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

அவனுக்கு அந்தச் சம்பந்தத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"அந்த அம்மாட்டை ஃபோனைக் குடும்" என்றான். "நானே சொல்லுறன்."

அந்தப் பெண்மணி புடைவைக் குவியலுக்கு நடுவில் நின்றபடி கேட்டாள். முதலில் முகம் இறுகியது. கடைசியில், "சரி தம்பி. நீ சொன்னது பெரிய உதவி. சுகமா இரு" என்றாள். தொலைபேசியைத் திருப்பிக் கொடுக்கும்போது நிவேதனாவின் தலையைத் தொட்டுவிட்டுப் போனாள்.

அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. ஆனால் நின்ற காரணம் வட்டுக்கோட்டைக்குப் போய்ச் சேராமல் இருக்குமா? இரண்டொரு கிழமையில் ஆழ்வாப்பிள்ளை கடைக்கு வந்தார். வேட்டி காட்டச் சொன்னார். விரித்துக் காட்டியவளிடம், கரையைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "உவன் கொழும்பிலை எந்த ஒழுங்கையிலை இருக்கிறான் எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை" என்றார். வேட்டிக்கு விலை பேசாமல் காசைக் கொடுத்துப் பொதியாகக் கட்டுவித்துக்கொண்டு போனார்.

நிவேதனா உடனே செந்தூரனுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னாள். செந்தூரனும் சிவரூபனும் அறை மாறினார்கள். வேலையிடம் தெரிந்தாலும் புது அறை எங்கேயென்று அவள் கேட்கவில்லை, தனக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது என்று. ஒவ்வொரு விடியலிலும் அவனிடமிருந்து தொலைபேசியில் ஒரு சொல் வரும்: "இருக்கிறன்." அதைப் பார்த்த பிறகுதான் அவள் தேத்தண்ணி குடிப்பாள்.

மார்கழியில் ஒரு காலை அது வரவில்லை. எடுத்தால் தொலைபேசி நிறுத்தி வைத்திருந்தது. சிவரூபனுடையது அடித்து அடித்து ஓய்ந்தது. கடையில் முதலாளியிடம் வருத்தம் என்று சொல்லிவிட்டுக் கண்டி வீதிக்கு வந்து கொழும்பு பஸ்ஸுக்குக் கை காட்டி ஏறினாள். பஸ் ஆனையிறவைத் தாண்டும்போது சொல் வந்தது. "இருக்கிறன்." கொஞ்சம் பொறுத்து இன்னொன்று: "ரண்டு பேர் வேலை செய்யிற இடத்துக்கு வந்து என்னை விசாரிச்சவை. ஆரெண்டு தெரியேல்லை."

வெளியில் உப்பளத்தண்ணீர் இரண்டு பக்கமும் அசையாமல் கிடந்தது. செய்தி வந்துவிட்டதைக் கேட்ட பக்கத்துச் சீட்டுப் பெண், கிளிநொச்சியில் இறங்கித் திரும்பிப் போகலாம் என்று வழி சொன்னாள். நிவேதனா இறங்கவில்லை. கொண்டக்டரைக் கூப்பிட்டு, கொழும்புக்கே டிக்கெட் கேட்டாள்.